ஆறரை மணிக்கு நாங்கள் ஆலைக்குள் இருக்கிறோம்: நாடகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிலாளர் வாழ்க்கையை நாடகமாகப் போடும் எல்லாக் குழுக்களுக்கும், அந்த நாடகங்களை எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் 31 வருடம் ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்கும் மெஷினின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்பவனாக, வேலை பார்த்தவன். நாடகம் எழுதியதில்லை, நடித்ததும் இல்லை. சங்கக் கட்டடத்து மாடியில் இருக்கும் நூலகத்தைப் பார்த்துக்கொள்வது இப்போது என் வேலை. அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் நகரத்தில் ஒரு நாடகம் பார்த்தேன். பஞ்சாலைத் தொழிலாளியைப் பற்றிய நாடகம் என்று கேள்விப்பட்டதும், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மாலை ஆறரை மணிக் காட்சி, டிக்கெட் 300 ரூபாய். போட்ட குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் நல்லவர்கள். எங்கள் மேல் உண்மையான அக்கறை இருப்பவர்கள். அது ஒவ்வொரு காட்சியிலும் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. அக்கறை இல்லாதவர்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது?

நாடகத்தின் நாயகி ஒரு மில் பெண். மரச்சட்டத்தில் வெள்ளை நூல்களைக் கட்டி, அதுதான் நூல் நூற்கும் ரிங் பிரேம் என்று வைத்திருந்தார்கள். அவள் அதன் முன்னால் நின்று, தன் குழந்தையை நினைத்து ஐந்து நிமிடம் அழுகிறாள். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. நான் அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

ஓடுகிற பிரேமுக்கு முன்னால் ஒரு சைடரின் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அழுகிற நாளிலும் இருக்காது. என் அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் சைடில்தான் நின்றேன். மாற்று ஆள் வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் அழுதுகொண்டே இழை ஒட்டினேன்.

இழை ஒட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நூலை முறுக்கும் கதிரை ஸ்பிண்டில் என்போம், அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். நூல் எந்த நொடியும் அறுந்து போகலாம். சைடு நெடுக நடந்துகொண்டே இருப்பீர்கள். அறுந்தது எது என்பது கண்ணில் பட்டுவிட வேண்டும். முழங்காலால் பிரேக்கை அழுத்தி அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் நிறுத்துகிறீர்கள். நூல் சுற்றியிருக்கும் பாபினில் ஒட்டிக் கிடக்கும் நுனியை விரலால் தேடி எடுத்து, வளையத்தின் மேல் ஓடும் நகக்கண் அளவுகூட இல்லாத டிராவலர் என்ற கம்பி வளைவுக்குள் கோர்த்து, மேலே உருளை முனைக்குக் கொண்டுபோய், அங்கே வெள்ளையாக இறங்கி வரும் பஞ்சு இழையோடு தொட்டு விடுகிறீர்கள். முழங்காலை எடுக்கவும் முறுக்கு ஏறவும் சரியாக இருக்க வேண்டும். கை பழகியவருக்கு இரண்டு மூன்று நொடி வேலை. அடுத்தது, அதற்கடுத்தது. எட்டு மணி நேரம் இப்படியே. டிராவலர் சூடாக இருக்கும், ஆட்காட்டி விரலின் ஓரத்தில் நூல் அறுத்த கோடுகள் இருக்கும். என் விரலில் இன்னும் இருக்கின்றன.

அந்தப் பெண் அழுதபடியே இதைச் செய்திருந்தால், அரங்கத்தில் மற்றவர்களைவிட நான்தான் அதிகம் அழுதிருப்பேன்.

நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல் வைத்தார்கள். ஒளியமைப்பைப் பற்றி ஒருவர் கேட்டார், வசன நடை பற்றி இன்னொருவர் பேசினார். நானும் கை தூக்கினேன், ஆனால் நேரம் முடிந்துவிட்டது. எங்களுக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த அரங்கில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். மில்லில் வேலை பார்த்த ஆட்கள் என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து, நானும் என் நண்பரும்தான். இருவருமே வேலையை விட்டு வந்தவர்கள், அதனால்தான் வர முடிந்தது. ஆறரை மணிக்கு, மாலையில் தொடங்கும் அரை நைட் ஷிஃப்ட் ஏறி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். பகல் ஷிஃப்ட் இறங்கியவர்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, அடுப்பு பற்ற வைத்திருப்பார்கள். முழு நைட்டுக்குப் போக வேண்டியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எந்த ஷிஃப்டுக்காரருக்கும் ஒத்து வராத நேரத்தில் எங்கள் கதை மேடையேறியது.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஜெர்மனியின் ஒரு பழைய வழக்குதான் ஞாபகம் வந்தது. ஹவுப்ட்மன் எழுதிய 'நெசவாளர்கள்' நாடகம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1844-இல் சிலேசியாவில் நெசவாளிகள் பசியால் கிளர்ந்தெழுந்ததுதான் கதை. ஹவுப்ட்மனின் தாத்தா தறியில் உட்கார்ந்தவர். நாடகத்துக்காக அவர் நெசவாளர் ஊர்களுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார், முதலில் அந்த மக்களின் வட்டார மொழியிலேயே எழுதினார். பெர்லின் போலீஸ் அதைப் பொது மேடையில் போடக் கூடாது என்று தடுத்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், 1893-இல் அனுமதி கிடைத்தது. எதனால் கிடைத்தது தெரியுமா? நாடகத்தைப் போடவிருந்த டாய்ச்சஸ் தியேட்டரில் டிக்கெட் விலை அதிகம், தொழிலாளர்கள் பெரிய எண்ணிக்கையில் வர வழியில்லை, ஆகவே அமைதி கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை என்று நீதிமன்றம் கருதியது.

தொழிலாளி வர மாட்டான் என்பதால் தொழிலாளியின் நாடகத்துக்கு அனுமதி. இதை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். நூற்றுமுப்பது வருடம் ஓடிவிட்டது. இன்று எந்த நீதிபதியும் அப்படி எழுதுவதில்லை. ஆனால் நம் அரங்க வாசலில் போட்டிருக்கும் நேரமும் விலையும் அதையேதான் சொல்கின்றன.

நம் நாட்டிலும் இந்தக் கதை நீளமானது. அவுரித் தோட்டங்களில் விவசாயிகள் பட்ட பாட்டை 'நீல் தர்பண்' என்று தீனபந்து மித்ரா 1860-இல் வங்காளத்தில் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு 1861-இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். பிறகு 1876-இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தவே ஒரு சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் தமிழ்நாட்டில் 1954-இல் தனிச் சட்டம் போட்டார்கள். நாடகப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்கும் நிலை பல வருடம் நீடித்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. அவருக்கு நாடகக்காரர்கள் மட்டுமல்ல, நாங்களும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆக, முன்பு நாடகத்துக்கும் எங்களுக்கும் நடுவில் போலீஸ் நின்றது. இப்போது நடுவில் நிற்பது கடிகாரமும் தூரமும் டிக்கெட்டும்தான். இவற்றை மாற்ற யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை, நீங்கள் முடிவு செய்தால் போதும்.

நான் முதன்முதலில் பார்த்த தொழிலாளர் நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். பகல் ஷிஃப்ட் இறங்கி அரை நைட் ஏறும் நேரம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர், பேன்ட்டின் மேல் கறுப்பு ஜிப்பா போட்டுக்கொண்டு பறை அடித்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த நாங்கள் அப்படியே நின்றோம். சிலர் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். பதினைந்து நிமிட நாடகம்தான். மேஸ்திரி, முதலாளி, சைடர் என்று மூன்று நான்கு பாத்திரங்கள். சைடராக நடித்த பையனுக்கு இருபது வயது இருக்கும். அவன் காற்றில் இழை ஒட்டினான், இரண்டு கையையும் சேர்த்து முடிச்சுப் போடுவது மாதிரி.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எங்கள் சைடிலேயே மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியண்ணன் என்போம். அவர் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் நேராக அந்தப் பையனிடம் போனார்.

"ஏனுங்க தம்பி, முடிச்செல்லாம் போடறதில்லீங்க. கையக் குடுங்க பாக்கலாம்."

அவன் கையைப் பிடித்து, முழங்காலை எப்படி வளைப்பது, எந்த விரலால் நுனியை எடுப்பது, எங்கே தொட்டு விடுவது என்று அந்த வேப்பமரத்தடியிலேயே சொல்லிக் கொடுத்தார். பையன் கூச்சப்படவே இல்லை. நாலு தடவை செய்து பார்த்தான். ஐந்தாவது தடவை பெரியண்ணன், "ஆ, அவ்வளவுதானுங்க" என்றார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது, அரை நைட்காரர்கள் உள்ளே ஓடினார்கள். மறுநாள் பக்கத்து மில் கேட்டில் அதே நாடகம். எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். பையன் இழை ஒட்டினான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த மில்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இவன் எந்த மில்லுங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

எனக்குத் தெரிந்து ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அந்தக் குழுவின் பெயர்கூட எனக்கு இன்று ஞாபகம் இல்லை. அவர்கள் கேட்டுக்கு வந்திருக்காவிட்டால் பெரியண்ணனின் கை அந்தப் பையனின் கைக்குப் போயிருக்காது. நான் உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான். தொழிலாளியை வைத்து நாடகம் போட்டால், தொழிலாளி பார்க்கிற இடத்தில் போடுங்கள். எங்களுக்கு உபகாரம் செய்வதற்காக அல்ல. நாங்கள் பார்க்கிற வரை அந்த நாடகம் சரியாக வந்திருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது.

இன்னும் சில விஷயங்களைச் சொல்கிறேன். அன்று பார்த்த நாடகத்தில் ஒரு பெரியவர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இருமிக்கொண்டே இருந்தார். பஞ்சுத் தூசி நுரையீரலில் ஏறிய நோயாளி அவர். பிசினோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அது உண்மையான நோய்தான், எங்கள் ஆட்கள் பலர் அதோடு வீட்டுக்குப் போனவர்கள். ஆனால் அது வரும் விதம் வேறு. வார விடுமுறை முடிந்து முதல் நாள் உள்ளே போகும்போதுதான் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கும். அடுத்த நாள் கொஞ்சம் தேவலாம். அதனால் பல வருடம் இதை யாரும் நோய் என்றே நினைப்பதில்லை. 'ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுத்ததில் உடம்பு கெட்டுப்போச்சு' என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவோம். ஓய்வெடுத்ததால்தான் நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு மனிதன் நம்புகிறான் பாருங்கள், அந்த ஒரு வரியில் ஒரு நாடகமே இருக்கிறது. இரண்டு மணி நேர இருமலில் அது இல்லை.

அப்புறம் சத்தம். மேடையில் மில்லுக்குள் இருவர் நின்று நிதானமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஸ்பின்னிங்கில் பேச்சு கேட்காது. நாங்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், கையால் பேசுவோம். மணிக்கட்டைத் தட்டினால் மணி என்ன என்று அர்த்தம். மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தடவிக் காட்டுவோம், அவருக்கு மீசை இல்லாவிட்டாலும். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. ஒருவர் வேலை போய்விட்டது என்பதைச் சொல்ல, கையைக் கேட் பக்கம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிவோம். ஒரு வருடம் கதவடைப்பு நடப்பதற்கு முந்தின வாரம் சைடு முழுவதும் அந்த ஒரு சைகைதான் ஓடியது. வசனமே இல்லாமல் ஒரு காட்சி முழுவதையும் உங்களால் இதைக்கொண்டு அமைக்க முடியும். எங்களைக் கேட்டால்தானே?

'நெசவாளர்கள்' நாடகத்தின் முதல் காட்சியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நெசவாளிகள் வாரக்கணக்கில் நெய்த துணியை முதலாளி வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒருவன் துணியைப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுபிடிக்கிறான், தராசில் நிறுக்கிறார்கள், கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். வரிசையில் நின்ற சிறுவன் பசியால் மயங்கி விழுகிறான். இதில் யாரும் நீளமாக அழுவதில்லை. துணி, தராசு, காசு, அதற்கு முன்னால் நிற்கும் மனிதர்கள், அவ்வளவுதான். தறியைத் தொட்ட பரம்பரையில் வந்தவர் எழுதியது என்று அந்தத் தராசே சொல்கிறது.

இப்போது வீதி நாடகக்காரர் சப்தர் ஹஷ்மியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லப்போவதில்லை, ஆனாலும் எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். டெல்லியில் 1973-இல் தொடங்கிய அவருடைய நாடகக் குழு ஜன நாட்டிய மஞ்ச் முதலில் பெரிய மேடை நாடகங்கள்தான் போட்டது. நெருக்கடி நிலை முடிந்தபோது, அவற்றை நடத்த உதவும் சங்கங்களிடம் பணம் இல்லை. பெரிய நாடகத்தைக் கொண்டுபோக முடியாது, சரி, சிறிய நாடகத்தைக் கொண்டுபோவோம் என்று முடிவு செய்தார்கள். அப்படி 1978-இல் பிறந்ததுதான் 'மெஷின்'. சப்தரும் ராகேஷ் சக்சேனாவும் எழுதியது. மொத்தமே பதின்மூன்று நிமிடம்.

அந்த நாடகத்தின் விதை காசியாபாத் பகுதியில் ஓர் ஆலையில் நடந்த சம்பவம். தொழிலாளர்கள் கேட்டது சைக்கிள் நிறுத்த ஓர் இடம், டீ குடிக்க ஒரு கேன்டீன். அதற்காக நடந்த போராட்டத்தில் காவலாளிகள் சுட்டு ஆறு பேர் இறந்தார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டுக்காக உயிர் போகுமா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். நாங்கள் கேட்க மாட்டோம். எட்டு மணி நேரம் வெயிலில் கிடந்த சைக்கிளின் டயர் வெடித்துவிட்டால் அன்றைக்கு ஏழு கிலோமீட்டர் நடை என்பது எங்களுக்குத் தெரியும். 1918-இல் சென்னையில் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்தபோதும் முக்கியக் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதுதான். சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அதிலிருந்துதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மேடையில் எங்களைப் புரட்சி, விடுதலை என்று பெரிய வார்த்தைகள் பேச வைக்கிறீர்கள். எங்கள் பெரிய போராட்டங்கள் எல்லாம் சின்ன வார்த்தைகளில்தான் தொடங்கின. பத்து நிமிடம் கூடுதலாக, ஒரு கூரை, ஒரு குடிதண்ணீர்க் குழாய்.

'மெஷின்' எப்படித் தொடங்குகிறது பாருங்கள். நடிகர்கள் வட்டத்துக்குள் வருகிறார்கள். ஒருவர் கையை அசைத்து ஒரு சத்தம் எழுப்புகிறார். அடுத்தவர் அதோடு சேர்ந்துகொள்கிறார், இன்னொருவர், இன்னொருவர். மனித உடம்புகளே சேர்ந்து ஒரு மெஷின் ஆகி ஓடுகிறது. திடீரென்று அது நின்றுவிடுகிறது. நாங்கள் மில்லில் கரன்ட் போனால் வரும் அமைதியை அறிந்தவர்கள். எட்டு மணி நேரம் காதுக்குள் இருந்த சத்தம் சட்டென்று இல்லாமல் போகும்போது முதலில் வருவது பயம், பிறகுதான் ஓய்வு. அந்த நாடகத்தைக் கேட் வாசலில் பார்த்த டெல்லித் தொழிலாளிக்கு அந்த நிற்றல் உடம்பில் பட்டிருக்கும். 1978 நவம்பரில் டெல்லி போட் கிளப் மைதானத்தில் தொழிலாளர் பேரணிக்கு முன்னால் அதைப் போட்டபோது லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கூடியிருந்தார்கள். செட் கிடையாது, லைட் கிடையாது.

அந்தப் பாதைக்கு சப்தர் கொடுத்த விலையும் உங்களுக்குத் தெரியும். 1988 நவம்பரில் டெல்லித் தொழிலாளர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையொட்டி உருவானது 'ஹல்லா போல்'. 1989 ஜனவரி 1 அன்று சாஹிபாபாதில் ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் அதை நடத்திக்கொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். மறுநாள் சப்தர் இறந்தார். வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்கு வந்து, நின்றுபோன நாடகத்தை நடித்து முடித்தார். அந்த ஊர் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள்.

ஏப்ரல் 12, சப்தரின் பிறந்தநாளை வீதி நாடக தினமாகக் கொண்டாடுகிறீர்கள். நல்லது. அந்த நாளில் நகரத்துப் பூங்காவிலும் கல்லூரி வளாகத்திலும் நாடகம் நடக்கிறது என்று செய்தி வருகிறது. ஒரு வருடமாவது அதை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஓர் ஆலை வாசலில் வையுங்கள் என்று கேட்கிறேன்.

கேட் இப்போது முன்பு போல இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், இதை நான் மறைக்க விரும்பவில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் சங்கு ஊதினால் ஊரே வெளியே வரும். இப்போது பல ஆலைகளில் வேலை செய்கிற பெண்பிள்ளைகள் காம்பவுண்டுக்குள்ளேயே விடுதியில் இருக்கிறார்கள். சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்து, மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று கூட்டி வந்த காலத்தில் என் தங்கை மகளும் அப்படிப் போனவள்தான். மாதம் ஒரு தடவை, வார்டன் கூடவே வர, கடைக்குக் கூட்டிப் போவார்களாம். மூன்று வருடத்தில் அவள் ஆலை கேட்டுக்கு வெளியே தனியாக நின்றதே இல்லை. அவளைப் போன்றவர்களைப் பற்றியும் நாடகம் வந்திருக்கிறது. அவள் பார்த்ததில்லை. கதையை நான்தான் அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, அதுல ராத்திரி நாங்க விடுதி மொட்டை மாடில பாட்டுப் பாடுவோமே, அது வருதா?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இன்று எங்கள் சைடுகளில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு நாடகம் போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். உடம்பாலும் சத்தத்தாலும் மெஷினை உருவாக்கும் காட்சிக்கு எந்த மொழி வேண்டும்? மணிக்கட்டைத் தட்டினால் மணி என்ன என்பது ஒடியாக்காரப் பையனுக்கும் புரியும். அவன் இங்கே முதலில் கற்றுக்கொண்டதே அந்தச் சைகைகளைத்தான்.

அரங்கமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 1959-இல் கல்கத்தாவின் மினர்வா தியேட்டரில் உத்பல் தத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றி 'அங்கார்' போட்டார். சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறுவதைத் தாபஸ் சென் விளக்கொளியாலேயே காட்டினார் என்று படித்திருக்கிறேன். அதை வேப்பமரத்தடியில் செய்ய முடியாது. அரங்கத்தால் மட்டுமே முடிகிற காரியங்கள் இருக்கின்றன, அவையும் எங்களுக்கு வேண்டும். அதற்கும் வழி இல்லாமல் இல்லை. அதே பெர்லினில் 1890-இல் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஃப்ரையே ஃபோல்க்ஸ்ப்யூனே என்றொரு நாடக அமைப்பு வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் காட்சி. எல்லா உறுப்பினருக்கும் ஒரே சின்னச் சந்தா. யாருக்கு எந்த இருக்கை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முன் வரிசை பணக்காரனுக்கு, பின் வரிசை ஏழைக்கு என்பது அங்கே கிடையாது. விலையைக் காட்டி நீதிமன்றம் தொழிலாளிகளிடமிருந்து தள்ளி வைத்த 'நெசவாளர்கள்' நாடகத்தை அவர்களும் பார்த்தார்கள், இப்படித்தான்.

ஆகவே என் கோரிக்கை பெரியதல்ல. ஆறு காட்சி போடுகிறீர்கள் என்றால் ஒன்றை ஞாயிறு பகலில் வையுங்கள். அந்த ஒரு காட்சிக்குச் சங்கங்கள் மூலமாக ஆட்களைக் கூப்பிடுங்கள், டிக்கெட் விலையை ஒரு டீ, வடை அளவுக்கு வையுங்கள். இலவசம் வேண்டாம், காசு கொடுத்துப் பார்த்தால்தான் குறை சொல்ல உரிமை இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். நாடகம் முடிந்த பிறகு கலந்துரையாடலில் முதல் மைக்கை அந்த வேலையைச் செய்கிறவரிடம் கொடுங்கள். அவர் மேடை நடை பற்றிப் பேச மாட்டார். "அந்தக் கை அப்படி இல்லீங்க" என்பார். அந்த வார்த்தைக்காக அடுத்த காட்சியை மாற்றும் மனசு உங்களுக்கு வேண்டும்.

சங்கத் தலைவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கேட் கூட்டங்களில் நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதை அரை மணியாகக் குறைத்தால், மீதி அரை மணியில் இரண்டு நாடகம் பார்க்கலாம். இதை நேரில் பலமுறை சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் சங்கக் கட்டடத்து மாடி ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகத்தான் இருக்கும். ஐம்பது பேர் தாராளமாக உட்காரலாம். மூடிப்போன மில் ஒன்றிலிருந்து பழைய பாபின்களும் ஒரு ஸ்பிண்டிலும் எடுத்து வைத்திருக்கிறேன். மேலே தொங்கவிட, நூற்பதற்கு முந்தைய தடித்த பஞ்சு இழை சுற்றும் ரோவிங் கட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. ஒத்திகை நடக்கும்போதே வாருங்கள், நாடகம் முடிந்து வர வேண்டாம். அன்று மேடையில் அழுத அந்தப் பெண்ணைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். நல்ல நடிகை, குரல் அருமை. பெரியண்ணன் இப்போது இல்லை, ஆனால் அவர் வேப்பமரத்தடியில் அந்தப் பையனுக்குக் கற்றுக் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். முழங்காலை எப்படி வளைப்பது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு காலை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்பின்னிங் தொழிலாளி ஒருவன்